ஒன்பதாவது படிக்கு ஒரு தேசியக் கொள்கை

கொத்தனாரை ஆராய்ச்சிக்குள் இழுத்துவிட்டது ஒரு சின்னக் குழப்பம்தான். பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கொத்தனார் வேண்டுமாம், கூட்ட அறைக்குப் போ என்று பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் சொன்னார். அந்தப் பெரிய அரசு மருத்துவமனையில் பதினோரு வருடமாக உடைந்ததையெல்லாம் பூசிக்கொண்டிருந்தவருக்கு, கொத்தனார் வேண்டும் என்றால் எங்கோ எதுவோ உடைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கரண்டி, ரசமட்டம், ஒரு சட்டி கலவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

உள்ளே எதுவும் உடைந்திருக்கவில்லை. நீள மேசையைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் ‘பங்குதாரர்’ என்று அச்சடித்திருந்தது. எதில் பங்கு என்று கேட்டார். முதலில் உட்காருங்கள் என்றார்கள். கலவைச் சட்டியைப் பளபளக்கிற தரையில் வைக்க மனம் வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்தபோது கலவை கல்லாகிவிட்டிருந்தது.

பேசியதெல்லாம் ஒரு படியைப் பற்றி. புறநோயாளிக் கட்டடத்தில் கீழிருந்து மாடிக்குப் போகிற படிக்கட்டு. எட்டுப் படி ஏறினால் ஒன்பதாவதாக நடுமேடை வரும். அங்கே திரும்பி இன்னும் எட்டுப் படி. இதில் அந்த ஒன்பதாவது மட்டும் மற்றவற்றைவிட முப்பத்தொரு மில்லிமீட்டர் உயரம். ஏறுகிறவரின் கால் எட்டுப் படியில் ஓர் அளவுக்குப் பழகி, ஒன்பதாவதிலும் அதே அளவுக்குத்தான் தூக்கும். விரல் நுனி இடிக்கும். ஆள் விழுவார். மாதத்துக்குச் சராசரியாகப் பதினோரு பேர். லிஃப்ட் இருந்தது, அது கட்டில்களுக்கு மட்டும். மாடியில் இருப்பது எலும்பு முறிவுப் பிரிவு என்பதால் விழுந்தவர்களை அதிக தூரம் தூக்கிப்போக வேண்டியிருக்கவில்லை. நிர்வாகம் தன் ஆண்டறிக்கையில் இதை நோயாளிகளுக்கான வசதிகளின் கீழ் குறிப்பிட்டிருந்தது.

படியை ஆராய்ந்தவர் ஒப்பந்த வேலையில் இருந்த ஒரு பெண் ஆய்வாளர். ஆயிரத்து இருநூறு பேரின் கணுக்காலில் பட்டை கட்டி ஏறவிட்டு, நான்கு வருடம் கணக்கிட்டு, முந்நூற்று எழுபது பக்கத்துக்கு அறிக்கை எழுதியிருந்தார். கூட்டம் முடிந்து தாழ்வாரத்துக்கு வந்ததும், படி உயரம் என்பது அவருக்கு எப்போது தெரிந்தது என்று கொத்தனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“முதல் நாளே அண்ணே. ஸ்கேலை வெச்சுப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆச்சு.”

“அப்ப மிச்ச நாலு வருஷம்?”

“ஸ்கேல்ல பார்த்ததை அவங்க நம்பணுமே, அதுக்கு.”

கொத்தனாருக்குக் காரணமும் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெரிய மனிதர் வருகிறார், நடுமேடையில் நின்று படம் எடுத்துக்கொள்வார் என்று சொல்லி, பழைய தரையைக் கொத்தி எடுக்க நேரமில்லாமல், அதன் மேலேயே புது டைல்ஸ் பதித்துவிட்டார்கள். மேலே இருக்கிறதைப் பெயர்த்துப் போட்டால் அடியில் பழைய தரை அப்படியே இருக்கும். ஓர் ஆள், ஒரு பகல். ஊழியர்கள் எல்லாரும் அந்தப் படியை அறிவார்கள்; புதிதாக வேலையில் சேருகிறவர்களுக்குக் கழிப்பறையைக் காட்டின கையோடு அதையும் காட்டிவிடுவது வழக்கம். மேற்பார்வையாளர் இரண்டு தடவை எழுதிக் கேட்டிருந்தார். படி ஆய்வில் இருப்பதால் தொடக் கூடாது என்று இரண்டு தடவையும் பதில் வந்திருந்தது.

அடுத்த கூட்டத்தில் கொத்தனார் கையைத் தூக்கி இதைச் சொன்னார். தலைமை வகித்தவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பயன் இயக்ககத்து இயக்குநர். இத்தனை ஆராய்ச்சியால் நாட்டுக்கு என்ன பயன் என்று மேலிடம் ஒரு முறை கேட்டுவிட்டதால், பயனை எடுத்துக்காட்டுவதற்கென்றே தொடங்கப்பட்ட இயக்ககம் அது. நாற்பத்திரண்டு பேர் அதில் வேலை செய்தார்கள். அவர்களால் என்ன பயன் என்பதை எடுத்துக்காட்ட இன்னும் ஆறு பேர் தனியாக இருந்தார்கள்.

இயக்குநர் கோபப்படவில்லை. கொத்தனார் பேசி முடிக்கிறவரை கண்ணை மூடிக் கேட்டார்.

“உங்க யோசனையை நான் மதிக்கிறேன். ஆனா அதுல பாதை இல்லையே. ஆராய்ச்சி முதல்ல கொள்கையைத் தொடணும். கொள்கை தொழில்துறையைத் தொடணும். தொழில்துறை புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சு மக்களைத் தொடணும். நீங்க ஆராய்ச்சியை விட்டு எறங்கி நேரா படிக்குப் போயிடுறீங்க. அப்புறம் நடுவுல நாங்கெல்லாம் எங்க நிக்கறது?”

சுற்றி இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கொத்தனாரின் யோசனை ‘பிற’ என்ற தலைப்பின் கீழ் பதிவானது.

பாதையின் முதல் கட்டம் கொள்கை. மாதம் இரண்டு நாள் கொத்தனாரைத் தலைமை அலுவலகத்துக்குக் களப் பிரதிநிதியாக அனுப்பும்படி உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மருத்துவமனையில் அப்போது மூன்று கழிப்பறைகள் ஒழுகிக்கொண்டிருந்தன. கொத்தனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

கொள்கைக் குழுவை நடத்தியவர் ஓர் இணைச் செயலாளர். ‘படி’ என்றால் என்ன என்று வரையறுக்க மூன்று கூட்டங்கள் ஆயின. ஏறுவதற்கு உதவுவது படி என்று முதலில் எழுதினார்கள். அப்படியானால் இறங்கும்போது அது என்ன என்று சட்டப் பிரிவிலிருந்து வந்தவர் கேட்டார். அன்று மதியம் வரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை. நான்காவது கூட்டத்தில் ‘விழுதல்’ என்ற சொல் வந்தது. நிதிப் பிரிவு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அரசு ஆவணத்தில் விழுதல், சரிதல், வீழ்ச்சி போன்ற சொற்கள் இருந்தால் படிக்கிறவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள் என்றது. விழுகிறவர் கடைசியில் என்ன ஆகிறார் என்று இணைச் செயலாளர் கொத்தனாரைக் கேட்டார். அநேகமாகப் பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்துவிடுவார்கள் என்று கொத்தனார் உள்ளதைச் சொன்னார்.

இணைச் செயலாளரின் முகம் மலர்ந்தது. விழுதல் என்பதற்குப் பதிலாகத் ‘திட்டமிடப்படாத அமர்வு’ என்று எழுதச் சொன்னார். களத்திலிருந்து ஒருவரை அழைத்ததன் அருமை இதுதான் என்று பாராட்டவும் செய்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது கொத்தனாருக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோதுதான் உறைத்தது. மனைவி அதே மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். துணி மடித்துக்கொண்டே கேட்டவள், இனிமேல் நோயாளி செத்துப்போனால் என்ன என்று எழுதுவார்கள் என்று மட்டும் கேட்டாள். அதற்கு வேறு குழு இருக்கும் என்றார் கொத்தனார்.

அடுத்த கட்டம் தொழில்துறை. இயக்ககம் விளம்பரம் கொடுத்து ஒரு நிறுவனத்தைப் பிடித்தது. அதன் புத்தாக்கத் தலைவர் கோட்டும் சூட்டுமாக வந்தாலும் காலில் வெள்ளை வெளேரென்று ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தார். சலவைப் பிரிவுப் பெண்கள் அவருக்கு ஷூக்காரர் என்று பெயர் வைத்தார்கள். படியைத் தொடாமலே படிப் பிரச்சினையைத் தீர்ப்பது எப்படி என்று அவர் தொண்ணூறு படங்கள் போட்டு விளக்கினார். ஒன்பதாவது படியின் முகப்பில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டுவார்கள். யார் காலாவது பக்கத்தில் வந்தால் அது பேசும்: “கவனம். அடுத்த படி உயரமானது. உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி.”

கொத்தனாருக்கு ஒரு சந்தேகம். அது சொல்லி முடிப்பதற்குள் ஆள் படியைத் தாண்டியிருப்பாரே என்றார். அது அடுத்த பதிப்பில் சரியாகும் என்றார் ஷூக்காரர்.

பெட்டியை ஒட்டினார்கள். இல்லாத இடத்திலிருந்து குரல் வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதையே நோயாளிகளும் செய்தார்கள். ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்று திரும்பிப் பார்த்தார்கள். முதல் மாதத்தில் பதினோரு பேர் பத்தொன்பது பேர் ஆனார்கள். ஆய்வாளர் பதறிப்போய் இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். ஷூக்காரர் எண்களை உற்றுப் பார்த்துவிட்டு, கருவியோடு மக்களுக்கு உள்ள உறவு எழுபத்திரண்டு சதவீதம் கூடியிருக்கிறது என்றார். இயக்குநர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். ஆய்வாளர் தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டதைக் கொத்தனார் பார்த்தார்.

இரண்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொத்தனாரின் மனைவி வெளுத்த துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறினாள். எட்டு வருடமாக ஏறுகிற படி. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காலுக்குத் தெரியும். எட்டு எண்ணிக் காலை உயர்த்துகிற நேரத்தில் பெட்டி பேசியது. எண்ணிக்கை தப்பியது. மூட்டை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இடது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு விட்டுப்போயிற்று. விழுந்து கிடந்தவளிடம் பெட்டி இன்னொரு தடவை தன் மகிழ்ச்சியைத் தெரிவித்தது.

கொத்தனார் ஓடி வந்தபோது மாடியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆய்வாளர் ஒரு படிவத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். கேள்வியைப் பார்த்தே படித்தார், நிமிரவில்லை.

“திட்டமிடப்படாத அமர்வு எண் ஐந்நூற்று அறுபத்து நாலு. அமர்வுக்கு முன்னால உங்க மனநிலை எப்படி இருந்துச்சு அண்ணி? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள.”

“நான் உக்காரலம்மா. விழுந்தேன்.”

“தெரியும் அண்ணி.”

“அப்படியே எழுது.”

“அப்படி எழுத இதுல இடமில்ல.”

படிவத்தின் கடைசிக் கேள்வி ஷூக்காரரின் நிறுவனம் சேர்த்தது. இந்த அனுபவத்தை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பரிந்துரைப்பீர்களா என்று அதில் இருந்தது. ஆய்வாளர் அதைக் கேட்கவில்லை. தானே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலையில் மனைவிக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிற வேலை கொத்தனாருக்கு வந்து சேர்ந்தது. அவர் கைக்குச் செங்கல் பிடிபடும், சிமெண்ட் பிடிபடும். மூன்று கால் பின்னல் பிடிபடவில்லை. ஒரு நாள் இறுக்கி இழுத்துக் கண்ணில் நீர் வரவழைத்தார். மறுநாள் தளர விட்டு, தெருமுனை போவதற்குள் அவிழ்ந்துவிட்டது. அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“ஊர்ல உள்ள விரிசலையெல்லாம் அடைக்கறீங்க,” என்றாள் ஒரு சனிக்கிழமை, சீப்பை வாங்கி வைத்துக்கொண்டே. “அந்த ஒரு படியை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?”

அது ஆய்வில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. புறநோயாளிக் கட்டடம் பூட்டியிருந்தது. சாவி மேற்பார்வையாளரிடம். கொத்தனார் எதற்கு என்று சொல்லாமல் கேட்டார், அவரும் எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டு, தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று மட்டும் சொன்னார்.

உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கொத்தனார் நடுமேடையில் உட்கார்ந்தார். முதலில் பெட்டியைப் பத்திரமாகக் கழற்றி ஓரமாக வைத்தார். அது சும்மா இருக்கவில்லை. அவர் கை அசைகிற போதெல்லாம் கவனம் என்றது. ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். சாக்குக்கு அடியிலிருந்தும் அடுத்த படி உயரமானது என்றது. அதைச் சரிசெய்யத்தானே வந்திருக்கிறேன் என்று ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு, தானே வெட்கப்பட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். விழுகிறவர்களைப் பெட்டி எண்ணி வைக்கும்; ஞாயிறுதோறும் அந்தக் கணக்கை எடுத்துப்போக வருகிறவர். பாதி மேடை பெயர்ந்திருந்தது. கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவில்லை.

ஆய்வாளர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் தன் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. கருவிக்கு முன், கருவிக்குப் பின் என்று ஒப்பிட இன்னும் ஆறு மாதக் கணக்கு வேண்டும். அந்தத் தேவையைக் காட்டித்தான் நீட்டிப்புக் கேட்க முடியும்.

“பச்சையாச் சொன்னா, இன்னும் ஆறு மாசம் ஆளுங்க விழுந்தாத்தான் எனக்கு வேலை அண்ணே.”

“நிறுத்திடட்டுமா மேடம்?”

ஆய்வாளர் எழுந்தார். பையைக் கைப்பிடிச் சுவரில் மாட்டினார். இடிபாட்டை அள்ளிப் போட்டிருந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கனமாக இருந்தது போலும், ஒரு பக்கம் சாய்ந்தபடியே கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அன்று மாலைக்குள் அப்படி முப்பது வாளி சுமந்தார். புது டைல்ஸுக்கு அடியில் பழைய தரை கீறல்கூட விழாமல் இருந்தது. கொத்தனார் விளிம்பைப் பூசி, பெட்டியை இருந்த இடத்திலேயே ஒட்டினார். ஆய்வாளர் ஸ்கேலை எடுத்துப் பதினேழு படியையும் அளந்தார். பதினேழும் நூற்றைம்பது மில்லிமீட்டர்.

அதற்குப் பிறகு அங்கே யாரும் விழவில்லை.

பெட்டி மட்டும் பழையபடி பேசியது. அடுத்த படி உயரமானது என்று அது சொல்ல, நோயாளிகள் நின்று, குனிந்து, எந்தப் படி என்று தேடிப் பார்த்துவிட்டு ஏறினார்கள். ஒரு வாரம் அமர்வே இல்லை என்றதும் கருவி பழுதாகிவிட்டது என்று ஷூக்காரரின் ஆட்கள் வேறு பெட்டி ஒட்டினார்கள். இரண்டாவது வாரம் அதையும் மாற்றினார்கள். மூன்றாவது பெட்டியும் பூச்சியம் காட்டியபோது, ஷூக்காரர் மூன்றாம் பதிப்பு வெற்றி என்று அறிவித்துவிட்டார்.

ஆய்வாளர் எதையும் மறைக்கவில்லை. மாத அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ஒன்பதாவது படி இப்போது மற்றப் படிகளின் உயரத்துக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டது என்று தெளிவாக எழுதினார். இயக்ககத்தில் அந்த அறிக்கையை எட்டுப் பேர் படித்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த மாதமும் எழுதினார். அப்போதும் எட்டுக் கையெழுத்து. குட்டு வெளிப்பட்டது ஒரு புகைப்படக்காரரால். கொள்கை வெளியீட்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மலரில் போடுவதற்காக, உயரமான படிக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுக்க வந்தார். நாலைந்து விதமாக வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்கிறதே என்று தொலைபேசியில் கேட்டார்.

விசாரணைக் குழுவில் ஏழு பேர். குற்றச்சாட்டு, ஆய்வுப் பொருளுக்குச் சேதம் விளைவித்தது. கொத்தனார் எதையும் மறுக்கவில்லை. நான்தான் செய்தேன், ஒரு பகல் ஆயிற்று, சிமெண்ட் கால் மூட்டைகூட ஆகவில்லை என்றார். கால் மூட்டை என்றதும் இயக்குநர் இன்னும் வேதனைப்பட்டார்.

“நாலு வருஷமா அந்தப் படியை வெச்சு எவ்வளவு கட்டியிருக்கோம் தெரியுமா? ஒரு ஆராய்ச்சி, ஒரு கொள்கை, ஒரு தொழில், ஒரு இயக்ககம். எல்லாத்துக்கும் அஸ்திவாரம் அந்த முப்பத்தொரு மில்லிமீட்டர். நீங்க என்னமோ ஒரு ஞாயித்துக்கிழமை உளியோட வந்து அதை எடுத்துட்டீங்க.”

“ஆளுங்க விழுந்தாங்க ஐயா.”

“விழுந்தாங்க. யாரு இல்லன்னா? அதனாலதானே நாம எல்லாரும் இங்க இருக்கோம்.”

விழாவுக்குள் படியின் அடிப்படை நிலையை மீட்டெடுக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. செய்தால் எச்சரிக்கையோடு போகும். செய்யாவிட்டால் வேலை போகும். அடிப்படை நிலை என்றால் என்ன என்று கொத்தனார் கேட்டார். பழையபடி என்றார்கள். பழையபடி என்றால் எவ்வளவு உயரம் என்றார். தெரியாதது மாதிரி கேட்கிறீர்களே என்றார் இணைச் செயலாளர்.

கொத்தனார் மிரட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பதினோரு வருடமும் எந்த வேலைக்கும் கேட்டதைத்தான் அன்றும் கேட்டார்.

“செஞ்சுடறேங்க. எழுத்துல குடுத்துடுங்க. ஒம்போதாவது படியை முப்பத்தொரு மில்லிமீட்டர் ஒசத்திக் கட்டுன்னு எழுதி, எதுக்காகன்னு ஒரு வரி போட்டு, கீழ யாராவது கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உத்தரவு கைக்கு வந்த அன்னைக்கே கட்டிடறேன்.”

அறையில் ஏழு பேனாக்கள் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. அலுவலக முறைப்படி செய்யலாம் என்று சொல்லி, கோப்பு ஒன்றைத் தொடங்கினார்கள்.

கோப்பு இயக்குநரிடமிருந்து இணைச் செயலாளருக்குப் போனது. கட்டுமானம் தன் துறை இல்லை என்று அவர் மருத்துவமனைத் தலைமைக்கு அனுப்பினார். கட்டடம் மருத்துவமனையுடையது, படி ஆய்வினுடையது என்று எழுதித் தலைமை அதைப் பல்கலைக்கழகத்துக்கே திருப்பியது. சட்டப் பிரிவு, திட்டமிடப்படாத அமர்வுகளுக்காகத் திட்டமிட்டுக் கட்டலாமா என்பதில் தெளிவு வேண்டும் என்று எழுதியது. எலும்பு முறிவுப் பிரிவின் தலைவரிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். அவர் ஒரே வரியில், இரண்டு மாதமாகத்தான் கட்டில் காலியாக இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம் என்று எழுதியிருந்தார். ‘உயர மேம்பாட்டுப் பணி’ என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். அதற்கும் கையெழுத்து விழவில்லை. மேற்பார்வையாளர் நாள்தோறும் கோப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்துக் கொத்தனாரிடம் சொல்வார். இன்றைக்கும் வரவில்லை என்றால் இருவரும் கழிப்பறை ஒழுகலைப் பார்க்கப் போவார்கள்.

விழா நாள் வந்தது. கோப்பு வரவில்லை. வேறு வழியில்லாமல் இயக்குநர் இருப்பதை வைத்தே பேசினார். இந்தப் படியில் கடந்த பத்து வாரங்களாக ஒருவர்கூட அமரவில்லை, ஆராய்ச்சி கொள்கையைத் தொட்டது, கொள்கை தொழிலைத் தொட்டது, தொழில் மக்களைத் தொட்டது என்று சொல்லி, ஒவ்வொரு தொடுதலுக்கும் இடையில் கைதட்டலுக்கு இடம் விட்டார். அன்று வெளியிட்ட கொள்கையால் பத்து வாரத்துக்கு முன்பே எப்படிப் பயன் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நாட்டில் உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எல்லா ஒன்பதாவது படிகளிலும் பெட்டி ஒட்ட ஷூக்காரருக்கு ஆணை வழங்கப்பட்டது. எட்டுப் படியே உள்ள கட்டடங்களுக்கு ஒரு துணைக்குழு.

கொத்தனாரை மேடைக்கு அழைத்து இரண்டு உறை கொடுத்தார்கள். ஒன்றில் சிறந்த களப் பங்குதாரர் என்ற சான்றிதழ். மற்றதில் ஆய்வுப் பொருளைச் சேதப்படுத்தியதற்கான எச்சரிக்கைக் கடிதம். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் அவர் இரண்டையும் மனைவியிடம் கொடுத்தார். கட்டுப் பிரித்த கையால் அவள் மெதுவாகப் பிரித்துப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை சான்றிதழில்தான் அதிகம் என்றாள்.

ஆய்வாளரின் பெயர் விழா மலரில் இருந்தது. அவர் விழாவில் இல்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்க இயலாது என்று முந்தின வாரம் கடிதம் வந்துவிட்டது. ஆய்வுக்குரிய பிரச்சினை தற்போது நிலுவையில் இல்லை என்பது காரணம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் கொத்தனாருக்குத் தொலைபேசியில் பேசினார். பின்னணியில் கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. வீடு கட்டித்தருகிற ஒரு சின்ன நிறுவனத்தில் அளவு சரிபார்க்கிற வேலையில் சேர்ந்திருந்தார். முதலில் அண்ணியின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். தூக்குகிறாள், பின்னலும் அவளே போட்டுக்கொள்கிறாள் என்றார் கொத்தனார். இயக்ககத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டார். அடுத்த ஆய்வுக்குக் கைப்பிடிகளை எடுத்திருக்கிறார்கள், எனக்கு இன்னும் பங்குதாரர் அட்டை வரவில்லை என்றார். அதற்கு அவர் சிரிக்கவில்லை. எதையோ சொல்ல வந்து சொல்லாமல் இருப்பது போலிருந்தது.

என்ன விஷயம் என்று கொத்தனாரே கேட்டார்.

“ஒண்ணுமில்ல அண்ணே. இங்க ஒரு வீட்டுல நாலாவது படி பன்னெண்டு மில்லிமீட்டர் கூட இருந்துச்சு. கட்டுறவர்கிட்ட சொன்னேன். அறிக்கை எழுதிக் குடுக்கணுமான்னும் கேட்டேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு. அப்புறம் குனிஞ்சு அளந்து பார்த்துட்டு, ஆமாம்மா, கூடத்தான் இருக்குன்னு உடனே ஒடைச்சுட்டாரு. டீ வர்றதுக்குள்ள சரி பண்ணிட்டாரு.”

“அதான் வேலை. அதுல என்ன?”

“ஒண்ணுமில்ல. எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல. கொஞ்ச நேரம் அந்தப் படியிலேயே நின்னுட்டிருந்தேன்.”